பதினைந்து நாள் கெடு

ஊராட்சி அலுவலகக் கதவில் ரயில்வே ஆள் ஒட்டிவிட்டுப் போன நோட்டீஸைத் தலைவி வெற்றிச்செல்வி இரண்டு தடவை படித்தாள்.

'சுரங்கப்பாதையில் தேங்கும் மழைநீரால் தண்டவாளக் கரைக்கு ஆபத்து. வடிகால் அமைக்காதது உள்ளாட்சியின் குற்றம். பதினைந்து நாட்களுக்குள் சரிசெய்யத் தவறினால் பாதை நிரந்தரமாக மூடப்படும். பொறுப்பான மாநில அதிகாரிகள் மீது சட்ட நடவடிக்கை எடுக்கப்படும்.'

கீழே, ரஞ்சித்குமார், ரயில்வே பொறியாளர் என்று கையெழுத்து.

"என்னங்க தலைவரே, தண்ணியில தவிக்கிறது நாம. குத்தவாளியும் நாமளா?" என்றார் வார்டு உறுப்பினர் அய்யாக்கண்ணு.

வெற்றிச்செல்வி நோட்டீஸைப் பிய்த்தெடுத்து மடித்துப் பையில் வைத்தாள்.

தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் பூங்குடிக்காடு. அந்தப் பக்கம் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அரியலூர் போகிற பஸ் எல்லாம். கேட்டை எடுத்துவிட்டு ரயில்வே கட்டிக் கொடுத்த சுரங்கப்பாதையில் நாலு தூறல் விழுந்தாலே இடுப்பளவு தண்ணீர்.

போன ஐப்பசியில் ஜெயசித்ராவுக்குப் பிரசவ வலி எடுத்தது. ஆம்புலன்ஸ் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. அவளை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்டவாளத்தின் மேலே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கடந்து முடித்த கொஞ்ச நேரத்தில் ரயில் போனது. அந்தச் சத்தம் இன்னும் வெற்றிச்செல்வியின் காதில் இருக்கிறது.

மூன்று வருஷமாக மனு கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

ரயில்வேயில் கேட்டால், "பாதை எங்களோடதுங்க. தண்ணி வடிய வேண்டிய இடம் மாநில அரசு நிலம். அங்க கேளுங்க" என்பார்கள்.

யூனியன் ஆபீஸில் இன்ஜினியர் சிங்காரவேலு தலையைக்கூட நிமிர்த்த மாட்டார். "அது மத்திய அரசு கட்டினதும்மா. நாம கை வைக்க முடியாது. ரூல் இல்ல."

இப்போது நோட்டீஸ் வேறு.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு ஊர்ப் பெண்கள் நாற்பது பேரோடு போய் நின்றாள். கலெக்டர் நோட்டீஸை வாங்கிப் பார்த்துவிட்டு, "யூனியன் இன்ஜினியர் என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

சிங்காரவேலு எழுந்தார். இன்றைக்கும் ரூல் இல்லை என்பார் என்றுதான் வெற்றிச்செல்வி நினைத்தாள்.

"ஐயா, இதுல தலைவரம்மாவ மட்டும் சொல்லலைங்க. மாநில அதிகாரிங்க மேல கேஸ் போடுவேன்னு எழுதியிருக்காங்க. மத்திய அரசு ஆளு நம்ம மாவட்டத்துக்கு வந்து நமக்கே கெடு வைக்கிறாரு. இத இப்படியே விட்டா, ஒரு வாய்க்கால் வெட்டக்கூட மாநில அரசுக்கு வக்கில்லைன்னு ஆயிடுங்கய்யா."

அரங்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அதுவரை சும்மா இருந்த அதிகாரிகள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

கலெக்டர் பேனாவை எடுத்தார். "ஆபத்துன்னு எழுத்துல கொடுத்துட்டாங்கள்ல? அவசரப் பணியில எடுங்க. பதினஞ்சு நாள் வேண்டாம். பத்து நாள்ல முடிச்சுட்டு அவங்களுக்குப் பதில் எழுதுங்க."

மூன்றாம் நாள் ஜேசிபி வந்தது. சொன்னபடி பத்தாம் நாள் சுரங்கப்பாதையிலிருந்து ஏரி வரைக்கும் சிமெண்ட் வாய்க்கால் தயார்.

பதினோராம் நாள் மத்தியானம் மழை ஊற்றியது. ஊரே குடையும் சாக்குமாகப் போய்ச் சுரங்கப்பாதை வாயில் நின்றது. தண்ணீர் வந்தது. வந்த வேகத்தில் சுழித்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கி ஏரியைப் பார்த்து ஓடியது.

பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மினி பஸ் ஹாரன் அடித்தபடி இந்தப் பக்கம் ஏறி வந்தது. பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக் கூவினார்கள். அய்யாக்கண்ணு நனைந்த துண்டைச் சுழற்றி ஆடினார். ஜெயசித்ரா கைக்குழந்தையோடு பாதைக்குள் நடந்து போய்த் திரும்பி வந்தாள். போக வேண்டிய வேலை ஒன்றும் இல்லை. சும்மாதான் போனாள்.

மறுநாளே வெற்றிச்செல்வி ரயில்வே ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டாள். மூன்று வருஷத்து வார்த்தைகளை நாக்கில் சேர்த்து வைத்திருந்தாள்.

ரஞ்சித்குமாருக்கு முப்பது வயதுதான் இருக்கும். எழுந்து நாற்காலி போட்டார்.

"நீங்க பதினஞ்சு நாள் கெடு வச்சீங்க. எங்க கவர்மெண்டு பத்தே நாள்ல முடிச்சிட்டுது. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன் சார்."

"நேத்து மழையில தண்ணி நின்னுதாங்கம்மா?"

"சொட்டுத் தண்ணி நிக்கல."

"பஸ் போவுதா?"

"போவுது."

ரஞ்சித்குமார் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார்.

வெற்றிச்செல்விக்குப் பிடிபடவில்லை. "என்னங்க சார் சிரிக்கிறீங்க?"

"கரைக்கு ஆபத்துன்னு நாங்க எழுதிக் கொடுத்தாத்தான் உங்க பக்கம் அவசரப் பணியா எடுக்க முடியும். அது பொய்யும் இல்லைங்க. அதுக்குத்தான் அந்த நோட்டீஸ்."

அவளுக்குச் சேர்த்து வைத்த வார்த்தை எல்லாம் கரைந்து போயிற்று. ஆனாலும் கேட்டாள். "அதுக்காக இப்படியா மிரட்டி எழுதுறது? குத்தம், கேஸுன்னு?"

ரஞ்சித்குமார் டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் முன் வைத்தார். பாதிக்கு மேல் அடித்து அடித்துச் சிவப்பு மையில் திருத்தியிருந்தது.

"நான் மரியாதையாத்தாங்க எழுதியிருந்தேன். 'இப்படிப் பணிவா எழுதினா ஃபைலோட ஃபைலாக் கிடக்கும் சார். கெடு வைங்க. எங்க மேலயே கேஸ் போடுவேன்னு எழுதுங்க. அப்பதான் எங்காளுங்களுக்கு ரோஷம் வரும்'னு, ஒரு நாள் லீவு போட்டுட்டு வந்து, நீங்க உக்காந்திருக்கிற இடத்துல உக்காந்து வரிக்கு வரி திருத்திக் கொடுத்தாரு."

"யாருங்க?"

"உங்க யூனியன் இன்ஜினியர் சிங்காரவேலு சார்."