ஜில்லென்று ஓர் ஏற்பாடு

“உங்க யாருக்கும் ஸ்டால் கிடையாதுன்னு போன வாரமே சொல்லியாச்சு. நான் வந்தது வேற விஷயம்,” என்றார் கோதண்டராமன், கடைப் படியில் காலை வைக்காமலே.

ஷாமியானாத் துணியை மடித்துக்கொண்டிருந்த ஆரோக்கியசாமி நிமிர்ந்து பார்த்தார். கதவோரம் சாத்தியிருந்த பலகையில் கல்யாணம், நாமகரணம், பர்த்டே என்று கன்னடத்தில் வரிசையாக எழுதியிருந்தது. மிச்சத்தை அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள் மறைத்துக்கொண்டிருந்தன.

கோதண்டராமன் தொம்மலூரில் எதிரே இருக்கும் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர். வருஷா வருஷம் வாசல் தெருவில் அவர் தலைமையில்தான் தெருவிழா நடக்கும். இந்தத் தடவை தெருவிலிருந்த ஒன்பது கடைக்காரர்களும் சேர்ந்து, தங்களுக்கும் ஒரு மூலை ஒதுக்கச் சொல்லி மனு கொடுத்திருந்தார்கள். எழுதியவர் ஆரோக்கியசாமி.

“பூக்காரியும் டெய்லரும் கடை போட்டா அதுக்குப் பேர் விழா இல்ல, சந்தை,” என்று சங்கக் கூட்டத்தில் கோதண்டராமன் அந்த மனுவைப் படித்துக் காட்டியபோது எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டால்கள் மொத்தமும் டெரிக் என்பவரின் ஈவென்ட் கம்பெனிக்குப் போயின. தெருக்காரர்கள் கடைசி வரிசையில் வந்து உட்காரலாம், போட்டோவுக்கு ஆகும் என்பது செயலாளரின் பெருந்தன்மை.

இப்போது மணி மூன்று. ஏப்ரல் வெயில் மண்டையைப் பிளந்தது. டெரிக்கின் குளிர்சாதன வண்டி வழியில் படுத்துவிட்டது. முந்நூறு பேருக்கான ஃப்ரூட் சாலட் அடுக்களையில் வியர்த்துக்கொண்டிருந்தது. சிறப்பு விருந்தினர் சுனிதா ஒரு பெரிய கம்பெனியின் துணைத்தலைவர். அவர் மனசு குளிர்ந்தால் தெருமுனைப் பூங்காவைக் கம்பெனி செலவில் பராமரிக்கத் தத்தெடுப்பார். பூங்கா கிடைத்தால் அடுத்த தேர்தலில் கோதண்டராமன்தான் சங்கத் தலைவர்.

“உங்கிட்ட ஐஸ் பெட்டி இருக்குன்னு வாட்ச்மேன் சொன்னான். பெரிசா?”

“பெரிசுதான் சார்.” ஆரோக்கியசாமி உள்ளே கை காட்டினார். இருட்டில் தார்ப்பாய் போர்த்தி ஏதோ நீளமாகக் கிடந்தது. “ஒண்ணே ஒண்ணுதான் கீது. ஆனா...”

வந்துவிட்டான் பேரத்துக்கு, என்று நினைத்துக்கொண்டார் கோதண்டராமன். பெட்டியைக் காட்டி ஸ்டால் கேட்கப் போகிறான்.

“ஆனா ஆவன்னாவெல்லாம் வேண்டாம். ஜில்லுனு இருக்குமா?”

“இருக்கும் சார். நேத்துதான் நல்லா கழுவி வெச்சேன். அதுக்கில்ல, சொல்ப உள்ள வந்து ஒருவாட்டி பாத்துட்டு...”

“பாக்கறதுக்கெல்லாம் எனக்கு நேரமில்ல. கழுவியிருக்கு, வேலை செய்யுது, போதும். எதுல எதை வைக்கணும்னு நீ எனக்குச் சொல்லித் தராதே. நாலு மணிக்குள்ள கேட்டுக்கு வந்துடணும். நீ வரவேண்டாம், ஆளுங்ககிட்ட அனுப்பு.”

“உங்க இஷ்டம் சார்,” என்று சொல்லிவிட்டு ஆரோக்கியசாமி மறுபடி துணியை மடிக்கத் தொடங்கினார்.

பெட்டி வந்தபோது கோதண்டராமன் மேடையில் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருக்கடைச் சாமான் கண்ணை உறுத்தக் கூடாது என்று, தங்க நிற சாட்டின் துணியால் அதை அடிவரைக்கும் மூடச் சொல்லி அங்கிருந்தே உத்தரவு போட்டார்.

விழா களை கட்டியது. குடியிருப்புக்காரர்கள் கிண்ணம் கிண்ணமாக வாங்கிச் சாப்பிட்டார்கள். கடைசி வரிசையில் மட்டும் ஒருவரும் வாயில் வைக்கவில்லை. டெய்லர் ஷோபா கிண்ணத்தை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டாள். போட்டோவுக்காகக் கோதண்டராமனே தன் கையால் நீட்டிய கிண்ணத்தைப் பூக்காரி சின்னத்தாயி தொடக்கூட இல்லை. சாட்டின் துணியை ஒரு பார்வை பார்த்துவிட்டு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“பேடா சார், வேணாம். எனக்கு ஒத்துக்காது.”

இதுகளுக்கு ஓசியில் நல்லது கொடுத்தாலும் சாப்பிடத் தெரியாது என்று எண்ணியபடி, அந்தக் கிண்ணத்தைத் தானே காலி செய்தார் கோதண்டராமன்.

மேடையில் சுனிதா இரண்டாவது கிண்ணத்தை முடித்திருந்தார். “இந்த வெயில்ல இவ்வளவு ஜில்லுனு எப்படிங்க? ஒவ்வொரு துண்டும் ஃப்ரெஷ்ஷா இருக்கு. அடுத்த மாசம் என் பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். எனக்கு இதே பெட்டி வேணும்.”

கோதண்டராமனின் மார்பு விம்மியது. ஆரோக்கியசாமியின் பெயர் நாக்கு நுனிக்குக்கூட வரவில்லை. “எல்லாம் நம்ம ஏற்பாடுதான் மேடம். வெளிநாட்டு மாடல். சாதாரண ஜனங்களுக்குக் கிடைக்காது. உங்க வீட்டுக்கே அனுப்பி வைக்கிறேன்.”

“அப்போ பூங்கா விஷயத்தையும் இன்னிக்கே அறிவிச்சிடலாமே,” என்றார் சுனிதா.

அறிவிப்பதற்காகக் கோதண்டராமன் மைக்கைக் கையில் எடுத்தார். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆரோக்கியசாமி மேடையோரம் வந்து நின்றார். பின்னால் இரண்டு ஆட்கள், தோளில் துண்டோடு.

“யார் இவர்?” என்று கேட்டார் சுனிதா.

“ஒண்ணுமில்ல மேடம், தெருவில கடை வெச்சிருக்கறவன்.” கோதண்டராமன் குனிந்து பல்லைக் கடித்தார். மைக் கையில் இருப்பதை மறந்துவிட்டார். “உன்னை வராதேன்னு சொன்னேன் இல்ல? விழா முடியட்டும், பெட்டியை எடுத்துக்கலாம். அதுக்குள்ள என்ன அவசரம்?”

ஆரோக்கியசாமி மெதுவாகத்தான் சொன்னார். ஒலிபெருக்கி தெருக்கோடி வரை கொண்டுபோனது.

“மூணாவது கிராஸ்ல பாடியை இன்னும் தரையிலதான் சார் கிடத்தி வெச்சிருக்காங்க.”