பாட்டுக்கும் சேர்த்து

முற்றத்தில் நின்றவர்கள்: மௌலவி றிபாத், மையித்தின் மருமகன் இன்ஷாப், எங்கள் தாய்வழிக் குடியைச் சேர்ந்த முகம்மது தம்பி, காரைதீவிலிருந்து வந்திருந்த செல்லத்தம்பி, இறக்காமத்து ஆட்கள் ஒரு நாற்பது பேர், நான்.

வாசல் திரைக்குப் பின்னால் ஹிமாயா நின்றாள். தூக்கிப்போகும் சந்தூக்குப் பெட்டியில் மையித்தாகக் கிடந்தவன் அவளுடைய வாப்பா, என் தம்பி மக்கீன்.

வானொலி நிலையத்திலிருந்து ஒருவரும் வரவில்லை.

அஸர் தொழுகைக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. சந்தூக்கைத் தூக்குவதற்கு முன் குடும்பத்தில் மூத்தவர் எழுந்து, மையித்தின் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும்படி கூடியிருப்பவர்களிடம் கேட்க வேண்டும். அவர்கள் பொறுத்தோம் என்று சொன்ன பிறகுதான் தூக்குவோம்.

எண்பத்து மூன்று வயதில் யாருடைய கையையும் பிடிக்காமல் எழுந்தேன்.

திரை அசைந்தது.

"பெரியவாப்பா, பாட்டப் பத்தி ஒண்டும் கதைச்சிராதீங்க. வாப்பா அதால பட்டது காணும்."

அவள் சொன்னது உண்மை.

அறுபத்தெட்டாம் ஆண்டிலிருந்து பதினொரு வருடங்களில் அவன் பெயரில் நாற்பத்து மூன்று பாட்டுகள் வானொலியில் வந்தன. முதல் பாட்டு இரண்டு தடவை திரும்பி வந்தது. மூன்றாம் தடவை எடுத்துக்கொண்டார்கள். "பாடலை இயற்றியவர் கல்முனை மக்கீன்" என்று அறிவிப்பாளர் சொல்லும்போது எங்கள் வாப்பா எழுந்துபோய் வானொலிப் பெட்டியை அணைப்பார். தம்பி அப்போது கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தான்.

'தோணி வந்தது, மீன் வந்தது, நீ வரவில்லை' என்ற பாட்டுத்தான் பெயர் வாங்கியது. கல்யாண வீட்டில் ஒலிபெருக்கி கட்டினால் முதலில் அதைத்தான் போடுவார்கள். கரைவலை இழுப்பவர்களும் அதைப் பாடி இழுத்தார்கள். பாடகர் இரண்டாம் சரணத்தில் ஒரு சொல்லை மாற்றிப் பாடியிருந்தார். சந்தம் அந்த இடத்தில் இடறும். இன்றைக்கும் இடறுகிறது.

நாற்பத்து மூன்று பாட்டுகளிலும் தரக்குறைவான சொல் ஒன்றுகூட இல்லை. இதை எந்தச் சபையிலும் சொல்வேன்.

ஆனால் ஊர் சொல்லைப் பார்க்கவில்லை. எந்த வீட்டுப் பெண்ணை நினைத்து எழுதினான் என்று கேட்டது. தம்பி பதில் சொல்லவில்லை. பேசி வைத்திருந்த சம்பந்தம் குலைந்தது. பெண் வீட்டார் எங்கள் வாசலில் நின்று, கூத்தாடிக்குப் பெண் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வாப்பா மௌத்தாகும்வரை அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் அவன் கடல் தெரியாத இறக்காமத்தில் மணமுடித்து, மனைவியின் இந்த வீட்டோடு தங்கி, வயலில் யானைக்குக் காவல் இருந்தே கிழவனானான்.

பள்ளிவாசலில் குடியின் சார்பில் நிற்கும் மரைக்கார் பொறுப்பு, எங்கள் வழக்கத்தில் தாய்மாமாவிடமிருந்து அவருடைய சகோதரியின் மகனுக்கு வரும். எழுபத்தொன்பதில் எனக்கு வந்தது. அந்த வருடத்தோடு பாட்டுகளும் நின்றன. தம்பியை நல்லபடியாக அடக்கிவிட்டார் என்று ஊர் என்னைப் பாராட்டியது.

முகம்மது தம்பி என் பக்கம் சாய்ந்தார். என் காதில் சொல்வதுபோல் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"மரைக்கார், பாட்டுக்கும் சேத்துக் கேட்டுருங்க. கபுறுல மலக்கு கேக்கக்குள்ள ரேடியோவா வந்து பதில் சொல்லப் போகுது?"

மண்ணறையில் வானவர் கேட்கும் கேள்வியை வைத்துச் செய்த பகிடியைக் கேட்டு இரண்டு மூன்று பேர் சிரிப்பை அடக்கினார்கள். மௌலவி நிலத்தைப் பார்த்தார்.

போன நோன்புப் பெருநாளுக்கு இதே முற்றத்தில் தம்பி எனக்குக் கதிரை போட்டுத் தந்தான். "நானா, நேத்து ரேடியோவுல நம்மட பாட்டப் போட்டானுகள்" என்றான். நான் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

திரைப் பக்கம் திரும்பவில்லை. தொண்டையைச் செருமினேன்.

"என் தம்பி கையாலும் நாவாலும் செய்த பிழைகளை அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாட்டுகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள்."

முற்றம் முழுவதும் பொறுத்தோம் என்றது. அந்தக் காலத்தில் கல்யாண வீடுகளில் அந்தப் பாட்டுகளுக்குக் கிட்டார் வாசித்த செல்லத்தம்பி மட்டும் வாய் திறக்கவில்லை.

பொறுத்தோம் என்ற சொல்லைக் கேட்டதும் முன்னே நடந்தேன். இன்ஷாப் கை நீட்டினான். நான் பிடிக்கவில்லை. சந்தூக்கின் முன்பக்கத்துக்குத் தோள் கொடுத்தேன்.

ஹிமாயா அன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை.

இப்போது ஊரில் ஒரு கதை திரிகிறது. தம்பி பாட்டெழுதிய குற்றத்தை, அவன் மையித்தாகக் கிடந்தபோதுகூட நான் மன்னிக்கவில்லையாம்.

அது பிழை. என் தம்பி ஒரு பாட்டும் எழுதவில்லை. நான் கல்முனையிலிருந்து தபாலில் அனுப்பியவற்றை வானொலி நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தான்.