வாய் படாமல்

சந்தனமாரி பாட்டிலை அண்ணாந்து தூக்கியதும், ஆராய்ச்சிக்காக வந்திருந்த இவள் கத்திவிட்டாள்.

"ஐயோ, வாய் வச்சுக் குடிங்கக்கா!"

அதுவரை ஒரு சொட்டு வெளியே போகவில்லை. நூல் பிடித்தாற்போல் நேராகத் தொண்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டுச் சந்தனமாரி திடுக்கிட்டாள். புரையேறியது.

முகவாய். கழுத்து. ரவிக்கை. அங்கிருந்து சேலைக்குள்.

கொட்டகைக்கு வெளியே, உப்பளத்தில் இறங்கக் காத்திருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"ஏட்டி, தண்ணிதான குடுக்காவ? சாராயம் குடிச்சவ மாதிரி இருமுத!"

தண்ணீர்தான். பார்வைக்கும் ருசிக்கும் வெறும் தண்ணீர். ஆனால் ஆராய்ச்சிக்கென்றே எடை கூடிய அணுக்களைச் சேர்த்துத் தயாரித்து, கடல் தாண்டி வந்தது. குடித்துவிட்டு வழக்கம்போல் வேலை பார்த்தால் போதும். அடுத்து வரும் நாட்களின் சிறுநீரில் அவை எவ்வளவு வேகமாகக் குறைகின்றன என்று சோதித்து, உடம்பு எவ்வளவு சக்தியைச் செலவழித்தது என்று சொல்லிவிடலாம்.

உள்ளே போனது எவ்வளவு என்று துல்லியமாகத் தெரிந்தால்.

அதனால்தான் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். வெறும் வயிற்றோடு வரணும். மிச்சம் வைக்கக் கூடாது. சிந்தவே கூடாது.

வாய் வைத்துக் குடிக்கணும் என்று மட்டும் சொல்லவில்லை. இந்தச் சோதனைக்கு விதிமுறை எழுதியவர்களின் ஊரில் அதைச் சொல்ல வேண்டிய தேவை இருந்திருக்காது.

எடை பார்த்து வைத்திருந்த பஞ்சால் முகவாயை ஒற்றினாள். கழுத்தை ஒற்றினாள். பஞ்சை மறுபடி எடை போட்டுச் சிந்தியதைக் கழித்துவிடலாம்.

சேலையை என்ன செய்வது? நேற்றைய வியர்வையும் உப்பும் காய்ந்து விறைத்த சேலை. முன்பே எடை பார்த்து வைக்காதது; அதற்குள் போனது போனதுதான்.

பெட்டியில் வேறு பாட்டில் இல்லை. இதுவே கடைசி.

மாதக்கணக்கில் விடியுமுன் எழுந்து வந்த அலுப்போடு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க கத்தலன்னா சிந்திருக்காது, தாயி." சந்தனமாரி கண்ணில் வந்த நீரைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்தவுக பாட்டில்ல எப்படி வாய் வைக்க?"

இவள் ஈரப் பஞ்சைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொண்டாள்.

"அப்பம் என் கணக்கு சேராதா?"

கூலியை உயர்த்தக் கேட்கும்போதெல்லாம் கணக்கப்பிள்ளை ஒன்றையே சொல்வார். பொம்பளைங்க பார்ப்பது லேசான வேலை. அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போய்த்தான், மற்ற பெண்களை எல்லாம் இந்த ஆராய்ச்சிக்கு இழுத்து வந்தாள் சந்தனமாரி. அளக்கட்டும், அளந்து அந்த ஆளு மூஞ்சியில எறியட்டும் என்றாள்.

ஒருத்தி குறைந்தால் ஆராய்ச்சி நின்றுவிடாது. அதை அவளிடமே எப்படிச் சொல்ல?

இவள் எழுந்தாள். காலிப் பாட்டிலில் கொஞ்சம் சாதாரணத் தண்ணீரை ஊற்றிக் குலுக்கினாள். உள்ளே ஒட்டியிருப்பதையும் அலசிக் குடிக்க வைப்பது முறை. இனி அதனால் பிரயோஜனமில்லை. கை பழக்கத்தில் நீட்டிவிட்டது.

சந்தனமாரி தயங்கினாள். வெளியே யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

பிறகு பாட்டிலின் விளிம்பில் உதட்டை வைத்தாள். பல் படாமல், கூச்சத்தோடு. கண்ணை மூடிக்கொண்டு அடிச்சொட்டு வரை உறிஞ்சினாள்.

"இப்பம் சரியாயிட்டா?"

"சரிக்கா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

சந்தனமாரி சிறுநீருக்கான டப்பாவை மடியில் பத்திரமாகச் செருகிக்கொண்டாள். துணியைச் சுருட்டிச் சும்மாடாக்கித் தலையில் வைத்தபடி உப்புப் பாத்திக்கு இறங்கினாள். ஒருத்தி கூடையில் உப்பை அள்ளிப் போட்டாள்.

"இன்னும் போடு."

"போதும்ட்டி. கழுத்து முறிஞ்சிரும்."

"போடுன்னா போடேன். இன்னைல இருந்து என்னைய அளக்காவ."

இவள் கொட்டகை வாசலுக்கு வந்து நின்றாள். வரப்பெல்லாம் வெள்ளையாகக் கண்ணைக் கூசச் செய்தது. மற்றவர்கள் முதல் கூடையை உப்பு அம்பாரத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். சந்தனமாரி கொட்டிவிட்டு, அடுத்த கூடைக்கு ஓட்டமும் நடையுமாகத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

போகிற போக்கில் கொட்டகைப் பக்கம் பார்த்துச் சிரித்தாள்.

இவளும் கையை அசைத்தாள்.