அப்பா கண்டுபிடித்த குறைகள்

“சிவப்பு சிவப்பாவே இல்லையே தம்பி. துவைச்சுத் துவைச்சு வெளுத்த சட்டை மாதிரி இருக்கு,” என்றார் அப்பா.

இது மூன்றாவது கடை. மகளின் பொறுமை இரண்டாவது கடையிலேயே தீர்ந்துவிட்டது.

வாங்க வந்தது ஒன்றும் தங்க நகை இல்லை. புத்தகம் படிப்பதற்கென்றே வரும், விலை அதிகம் போகாத ஒரு கலர் டேப்லெட். அதுவும் அம்மாவுக்கு. அச்செழுத்தெல்லாம் எறும்பு ஊர்வது போலத் தெரிய ஆரம்பித்ததிலிருந்து, அம்மாவுக்குத் தினமும் சாயங்காலம் அப்பாதான் நாவல் வாசித்துக் காட்டுகிறார். தொண்டை கட்டினாலும் விடுவதில்லை. டேப்லெட் இருந்தால் எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கிக்கொள்ளலாம். அம்மாவின் எம்பிராய்டரி டிசைன்களையும் கலரில் பார்க்கலாம்.

பணம் தரப்போவது மகள். பிறகு அப்பாவுக்கு எங்கே வலிக்கிறது என்றுதான் அவளுக்குப் புரியவில்லை.

“சார், இது பேப்பர் மாதிரித் திரை,” என்றார் விற்பனையாளர். “கலர் கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கும். ஆனா கண்ணு கூசாது. ஒரு தடவை சார்ஜ் போட்டா வாரக்கணக்கா வரும். பளிச்சுனு வேணும்னா இந்த நீல டேப்லெட்டைப் பாருங்க.”

அப்பா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். நீல டேப்லெட்டை வாங்கி, சந்தேகத்துக்குரிய டிக்கெட்டைப் பார்ப்பது போல வெளிச்சத்தில் சாய்த்தார், திருப்பினார், மறுபடி சாய்த்தார்.

“இது கண்ணைக் குத்துது.”

“வெளிச்சத்தைக் குறைச்சுக்கலாம் சார்.”

“கனமா வேற இருக்கு. படுத்துக்கிட்டே படிச்சு, கை நழுவினா மூக்கு உடைஞ்சிடும்.”

“என் மூக்குதானே? நான் பார்த்துக்கறேன்,” என்றாள் அம்மா.

விற்பனையாளர் வேறு பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார்.

அம்மா பேப்பர் திரையையே மறுபடி கையில் எடுத்தாள். எழுத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினாள். பிறகு வாய்விட்டு ஒரு வரி படித்தாள், அடுத்த வரியும் படித்தாள். யார் துணையும் இல்லாமல் அம்மா படித்துப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று. மகளுக்கு மனசு நிறைந்துபோனது.

“எனக்கு இதுவே போதும்,” என்றாள் அம்மா.

“பக்கம் திருப்பினா யோசிச்சு யோசிச்சுத் திரும்புது,” என்றார் அப்பா.

“நீங்க பக்கம் திருப்பற வேகத்துக்கு இது எவ்வளவோ தேவலை.”

விற்பனையாளர் சந்தர்ப்பத்தை விடவில்லை. “இப்ப என்ன புத்தகம் படிச்சிட்டிருக்கீங்கம்மா? பேரைச் சொல்லுங்க. இதுலயே ஏத்திக் காட்டறேன்.”

அப்பா டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்ட பயணி போல முழித்தார். “அதெல்லாம் இப்ப எதுக்கு? வாங்க, இன்னொரு கடை பார்த்துட்டு முடிவு பண்ணலாம்.”

மகள் அவர் கையைப் பிடித்து, ஹெட்போன்கள் தொங்கிய மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“என்னப்பா உங்க பிரச்சினை? அம்மா தானா படிச்சிட்டா உங்க மதிப்பு குறைஞ்சு போயிடுமா? எல்லாத்துக்கும் அவங்க உங்க முகத்தையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கணுமா? இவ்வளவு சுயநலம் ஆகாதுப்பா.”

அப்பா அம்மா இருந்த பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“இப்ப வாசிக்கிற கதையில ஒரு டாக்டரம்மா வர்றா. உங்கம்மாவுக்கு அவ மேல அவ்வளவு பிரியம். சாப்பிடும்போதுகூட அவ பேச்சுதான்.”

“சரி, அதுக்கென்ன?”

“அவ பாதிக் கதையிலயே செத்துட்டா.”

மகள் ஒன்றும் புரியாமல் பார்த்தாள்.

“போன புத்தகத்துல ஒரு தபால்காரர் செத்ததுக்கே உங்கம்மா ரெண்டு நாள் சரியா சாப்பிடல. அதான் இவளை நான் பிழைக்க வச்சுட்டேன். பிழைச்சவளை அப்படியே விட முடியுமா? கல்யாணம் பண்ணி வச்சேன். ஒரு பையனும் பொறந்து வளர்ந்துட்டிருக்கான். புத்தகம் எப்பவோ முடிஞ்சுபோச்சும்மா. வெறுமனே பக்கத்தைப் புரட்டிக்கிட்டு நானா சொல்லிட்டிருக்கேன். இவ தானா படிச்சா டாக்டரம்மாவும் போயிடுவா, என் மானமும் போயிடும்.”

மகளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. சுயநலம் என்று சொன்ன நாக்கைக் கடித்துக்கொண்டாள். இந்தக் கடையில் எதுவுமே சரியில்லை என்று தானே அம்மாவிடம் சொல்லிவிடுவது என்ற முடிவோடு திரும்பி நடந்தாள்.

அதற்குள் அம்மா பில் போடும் இடத்துக்கே போய்விட்டிருந்தாள். மகள் பின்னால் வந்து நின்றது தெரியாமல், விற்பனையாளரிடம் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்:

“வேற எந்தப் புத்தகம் வேணும்னாலும் ஏத்துங்க தம்பி, நாங்க இப்ப வாசிக்கிறதை மட்டும் ஏத்திடாதீங்க. அதுல வர்ற டாக்டரம்மா பாதியிலயே செத்துட்டாளாம், லைப்ரரியில இருக்கற பொண்ணு எப்பவோ சொல்லிட்டா. எங்க வீட்டுக்காரர் சொல்ற கதையில அவ பையன் இப்பதான் பள்ளிக்கூடத்துல சேர்ந்திருக்கான், அவன் படிச்சுப் பெரியவனாகறதை நான் கேக்க வேண்டாமா?”