ஆறு மணிச் சீட்டி

பஸ் டிரைவர் சீட்டியடித்தபடிதான் சவரம் செய்வார். கால் நரம்பு வலிக்கு மாத்திரை தொடங்கிய பிறகு சவரமும் இல்லை, சீட்டியும் இல்லை. சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தார்.

ஆனால் தினமும் காலை ஆறு மணிக்கு, உள்ளே தாழிட்ட குளியலறைக்குள் அவருடைய சீட்டி கேட்டது. அது ஓய்ந்தபின் மனைவி கதவைத் தள்ளினால் திறந்துகொள்ளும்; உள்ளே ஆளிருக்காது. சவரப் பிரஷ் மட்டும் நனைந்திருக்கும்.

“வலி போயிருச்சு டாக்டர். மனுஷனைத்தான் காணோம்,” என்றாள்.

“சிலருக்கு இந்த மாத்திரை மனச்சோர்வு தரும்மா. சட்டுனு நிறுத்தக்கூடாது. கொஞ்சங்கொஞ்சமா குறைப்போம்.”

மாத்திரையைக் குறைக்கத் தொடங்கிய ஐந்தாவது வாரம், ஆறு மணிக்கு அவர் எழுந்து குளியலறை வாசலில் நின்றார். உள்ளே சீட்டி கேட்டுக்கொண்டிருந்தது.

“ஒரு சுரம் பிசகலையே!” என்று தாடியைத் தடவியபடி கதவைத் தட்டினார்.

சீட்டி நின்றது. உள்ளே யாரோ தாழ்ப்பாளை விலக்கினார்கள்.