ஒரு வில்லை போதும்

வெள்ளரிப் பிஞ்சுகளைக் கழுவாமலே வட்ட வட்டமாக நறுக்கிக்கொண்டிருந்தாள் அவள். பின்னால் பெரியவர் ஒருவர் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். அவள் கை நிற்கவில்லை, தலையும் திரும்பவில்லை.

அது சமையலறை இல்லை. சந்தைக்குப் போகும் காய்களில் கெட்ட கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வுக்கூடம். நாள் முழுக்க நறுக்குவதே வேலை என்பதால் அவளுக்கு அங்கே ‘கத்தி அக்கா’ என்று பெயர். ஒரு பிஞ்சில் ஒரு வில்லைதான் சோதனைக்குப் போகும். மிச்சம் குப்பைக் கூடைக்கு.

“சத்தியமா ஒரு பிஞ்சுகூட விக்கலம்மா,” என்றார் பெரியவர். வெள்ளரி போட்ட விவசாயி அவர். “இந்த வருஷம் முதல் பறிப்பே அதுதான். உங்க ஆளுங்க சாம்பிள் எடுத்துக்கிட்டு, மிச்சத்தைக் கிடங்குல வச்சு சீல் போட்டாங்க. கிருமி இருக்குன்னு தெரிஞ்சதும் அப்படியே குழி தோண்டிப் புதைச்சிட்டாங்க. வயித்துல அடிச்சமாதிரி இருந்துச்சு. பொறுத்துக்கிட்டேன்.”

“அப்புறம் குழந்தை வயித்துக்குள்ள எப்படிப் போச்சு?” மேலாளர் அம்மா கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினார். “இது உங்க வெள்ளரியில இருந்த கிருமியோட மரபணு. இது ஆஸ்பத்திரியில கெடக்குற அஞ்சு வயசுப் பொண்ணுகிட்ட எடுத்தது. லட்சக்கணக்கான எழுத்து. ஒண்ணுகூட மாறல. ரெண்டும் ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்க, பெரியவரே.”

“யாரு பெத்த பிள்ளைம்மா அது?”

“அதெல்லாம் நமக்குச் சொல்ல மாட்டாங்க. நம்பர் மட்டும்தான் வரும். ஐ.சி.யூ.வுல இருக்கு, இன்னும் கண்ணு முழிக்கலயாம். நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது லோடு சுத்தமாத்தான் வருது. உங்க நேரம், இது மாட்டிக்கிச்சு.”

சொல்லிவிட்டு, எரிச்சலோடு கத்தி அக்காவைப் பார்த்தார்.

“எனக்கே காலையிலேருந்து வேலை ஓடல. நீ என்னடான்னா கல்லு மாதிரி நறுக்கிக்கிட்டே இருக்கே. லீவுல இருந்தவளை இன்னிக்கு யாரு வரச் சொன்னது?”

“ரிசல்ட் இன்னிக்கு வரும்னாங்க மேடம்.”

அழுகை வரும் என்றுதான் அவளும் காத்திருந்தாள். வரவில்லை. உடம்பு யாருடையதோ மாதிரி இருந்தது. நறுக்கி முடித்து, மிச்சத் துண்டுகளை வழித்துக் கூடையில் கொட்டினாள். எப்போதும் பாதிக்கு மேல் ஏறாத கூடை, இன்று விளிம்புவரை நிறைந்திருந்தது.

மேலாளர் போனை எடுத்தார். “வேற வழியில்ல. திருட்டுத்தனமா வித்துட்டார்னு ஆபீசருக்குச் சொல்லிடறேன். கேஸ் போட்டு உள்ள தள்ளட்டும்.”

“பண்ணாத தப்புக்கு ஜெயிலாம்மா? இந்த வயசுல?” பெரியவர் தட்டுத் தடுமாறி எழுந்து கத்தி அக்காவிடம் வந்தார். “நீயாவது சொல்லும்மா. சாம்பிள் பெட்டிய உன் கையாலதான பிரிச்ச? என் தோட்டத்துலேருந்து அதைத் தவிர வேற எதுவும் வெளிய வரல.”

அவள் கத்தியைத் தட்டில் வைத்தாள். கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். நேரே போய் மேலாளரின் போன்மேல் கையை வைத்தாள்.

“அவர் விக்கல மேடம்,” என்றாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நறுக்கினது போக மிச்சத்தை எம் பொண்ணுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான்.”