ஏழாவது கிண்ணம்

திருவொற்றியூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் சங்கமித்ரா சிறுநீரக செல்களை வளர்த்துவந்தாள். நகமளவு கிண்ணங்கள் பன்னிரண்டு. ஒவ்வொன்றின் அடியிலும் மெல்லிய சவ்வு, அதன்மேல் பாய் விரித்ததுபோல் செல்கள். மேலே ஊற்றும் திரவத்தில் எவ்வளவைச் செல்கள் கீழ்த்தட்டுக்குக் கடத்தின என்று தினமும் அளப்பது அவள் வேலை.

நான்கு நாளாக ஏழாவது கிண்ணம் மட்டும் காலையில் காய்ந்து கிடந்தது.

"ஓட்டையா இருக்கும், தூக்கிப் போட்டுரும்மா," என்றார் கூட வேலை செய்யும் ஆசீர்வாதம்.

"ஓட்டைன்னா கீழ்த்தட்டுல மட்டம் ஏறியிருக்கணுமே சார். ஒரு சொட்டுகூட ஏறலையே."

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஏழாவதில் இருந்தவை அவள் அப்பாவின் செல்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய நீலமேகம் இறந்ததும், சிறுநீரகத்தை ஆய்வுக்குக் கொடுக்கக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான்.

டயாலிசிஸ் வார்டில் கடைசியாக அவர் கேட்டது தண்ணீர்தான். "தொண்ட காஞ்சிகினு கீது கண்ணு. ஒரு வாய் குடு."

"டாக்டரு கூடாதுன்னுட்டாரு நைனா," என்று சொல்லித் தம்ளரை எட்ட வைத்தவளும் அவள்தான்.

சங்கமித்ரா கிண்ணத்தை நிரப்பினாள். கண்ணெதிரே மட்டம் இறங்கியது. மறுபடி நிரப்பினாள். நிரப்பிக்கொண்டே இருந்தாள்.

ஆசீர்வாதம் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது அரை லிட்டர் பாட்டில் காலியாகியிருந்தது. அவள் அடுத்ததைத் திறந்துகொண்டிருந்தாள்.